வரைபடம் இல்லை

சோஷியல் டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஓர் இளப்பம்தான். கணக்கு வாத்தியாருக்கு வீடு நிறைய டியூஷன் பிள்ளைகள். சயின்ஸ் டீச்சருக்கு லேப் சாவி. சோஷியல் டீச்சருக்கு மற்றவர்கள் லீவு போட்ட வகுப்புகள். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வேண்டுமா, மக்கள் தொகைக் கணக்கெடுக்கப் போக வேண்டுமா, ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்ட வேண்டுமா, கூப்பிடு ஜலஜாவை. "சோஷியல்தானே, கதை மாதிரி சொல்லிட்டுப் போயிடலாம்" என்று சொல்லாதவர்கள் அந்த மயிலாப்பூர்ப் பள்ளியில் யாருமில்லை. இருபத்திரண்டு வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு ஜலஜாவுக்கு இப்போதெல்லாம் கோபம்கூட வருவதில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

தொண்ணூற்றாறாம் வருடம் பொங்கலுக்கு முந்தின வாரம் அது. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் திங்கள். விடுமுறை என்பது மாணவிகளுக்கு. ஜலஜாவுக்கு அது பத்தாம் வகுப்பு இரண்டு பிரிவு, நூற்றுப் பதினெட்டு விடைத்தாள். கடைசிக் கட்டை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் முடித்தாள்.

திருத்துவதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. மாணவிகள் விடைத்தாளோடு இந்திய வரைபடத்தை ட்வைன் நூலால் கட்டிக் கொடுப்பார்கள். ஜலஜா முதலில் எல்லா வரைபடத்தையும் அவிழ்த்துத் தனியே அடுக்கிக்கொண்டு ஒரே மூச்சில் திருத்துவாள். நர்மதை எங்கே, பக்ரா நங்கல் எங்கே என்று கண் அதே நாலைந்து இடத்தைப் பார்த்தால் போதும். மூளைக்கு வேலை இல்லை. பிறகு வரிசை எண் பார்த்து மார்க்கை விடைத்தாளின் முதல் பக்கத்தில் ஏற்றி, மறுபடி கட்டிவிடுவாள். ஒரு மணி நேரம் மிச்சமாகும். யாராவது வரைபடம் கட்டாமல் விட்டிருந்தால் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'வரைபடம் இல்லை' என்று எழுதுவாள். வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் அப்படி விடுவதுண்டு.

ஜலஜா டீச்சர் கூட்டலில் தப்பே வராது என்று ஆசிரியர் அறையில் ஒரு பேர். மற்றவர்களிடம் மார்க் குறைந்துவிட்டது என்று பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பார்கள். ஜலஜாவிடம் ஒருவரும் வருவதில்லை. அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தாள். பேப்பர் கொடுத்த பிறகு மார்க் கேட்டு மேஜைப் பக்கம் யாரும் வரக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வகுப்பு முழுவதும் அரை மார்க்குக்கும் கால் மார்க்குக்கும் காய்கறிக் கடையில் நிற்கிற மாதிரி நின்றதில் வந்த சட்டம் அது.

திங்கட்கிழமை காலை அசோக் பில்லரில் ஒரு பஸ் ஏறி, தி. நகரில் மாறி, பன்னிரண்டு பி-யில் நின்றுகொண்டே வந்து லஸ்ஸில் இறங்கியபோதே கால் கடுத்தது. கையில் இரண்டு கட்டு விடைத்தாள். பத்து 'சி' அவள் சொந்த வகுப்பு. பேப்பர்களைக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்து மதிப்பெண் பதிவேட்டில் ஏற்ற ஆரம்பித்தாள். பதிவேடு மத்தியானத்துக்குள் தலைமை ஆசிரியர் அறைக்குப் போக வேண்டும்.

பாதியில், மேஜை ஓரத்தில் ஒரு நீலத் தாவணி வந்து நின்றது.

"மிஸ்..."

"சட்டம் தெரியுமில்ல? போய் உக்காரு."

தாவணி நகரவில்லை. ஜலஜாவும் நிமிரவில்லை. நிமிர்ந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் பின்னாலேயே பத்துத் தாவணி வரும். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று என்று வரிசை எண்ணைத் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டே போனாள். மணி அடித்தது. பதிவேட்டை மூடி அவள் எழுந்தபோது மேஜையருகில் யாருமில்லை. அப்பாடா என்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை, பெற்றோர் கையெழுத்தோடு பேப்பர்கள் திரும்பி வந்தன. அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அன்று இரண்டு டீச்சர்கள் லீவு. ஜலஜாவுக்கு ஏழு பீரியடும் நிற்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் தூங்கிவிட்டதால் அனுபவிக்க முடியவில்லை.

புதன்கிழமை காலை தலைமை ஆசிரியர் கஸ்தூரிரங்கன் கூப்பிட்டு அனுப்பினார். மெல்லிய மனிதர், குரல் உயர்த்திப் பேசாதவர். ஆனால் பள்ளி வாசலில் ஒரு பலகை வைத்திருந்தார். அதில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தேர்ச்சி விகிதம் வருடவாரியாக எழுதியிருக்கும். ஆறு வருடமாக ஒரே எண்தான், நூறு. அந்த நூறு எப்படி வருகிறது என்பது பள்ளிக்குள் எல்லோருக்கும் தெரியும். அரையாண்டில் எந்தப் பாடத்திலாவது முப்பத்தைந்து வாங்காத பெண்ணின் பெயர் பொதுத்தேர்வுப் பட்டியலில் ஏறாது. பெற்றோரைக் கூப்பிட்டு, பெண்ணைத் தனித்தேர்வராக எழுத வைக்கிறோம் என்று அவர்கள் கைப்படக் கடிதம் வாங்கிக்கொண்டு மாற்றுச் சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். அப்படிப் போன பெண்களில் பாதிப் பேர் பரீட்சையே எழுதுவதில்லை. பலகையில் அவர்களுக்கு இடம் கிடையாது.

"உங்க கிளாஸ்ல ஒரே ஒரு பொண்ணுதான் இந்த வருஷம்," என்றார் கஸ்தூரிரங்கன். "தூபான்னு. மத்ததெல்லாம் தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணியிருக்கா. உங்க சப்ஜெக்ட்ல இருபத்தொம்பது. அவ அப்பாவ வரச் சொல்லியிருக்கேன். நீங்களே பேசிடுங்கோ. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பட்டியல் ஆபீசுக்குப் போறது."

தூபாவின் அப்பா அன்வர் பாஷாவுக்கு மீர்சாகிப்பேட்டையில் கார் சீட் தைக்கிற கடை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். சட்டை நுனியில் ரெக்சின் பசை காய்ந்திருந்தது. ஆசிரியர் அறையில் ஜலஜா காட்டிய நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். தூபா வெளியே தூணை ஒட்டி நின்றாள்.

"டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க," என்றார். "பொண்ணு ரெண்டு நாளா அளுதுகினே கீது. மேப்பு போட்டேன், கட்டிக் குடுத்தேன்னு சொல்லுது. இண்டியா மேப்பு அது நல்லா போடும் டீச்சர். வூட்டுச் செவுத்துல கூட போட்டு வெச்சிகீது."

ஜலஜா அலமாரியைத் திறந்து விடைத்தாளை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினாள். சிவப்பு மையில் 'வரைபடம் இல்லை'.

"கட்டலை பாய். கட்டியிருந்தா நான் மார்க் போட்டிருப்பேனே. பதட்டத்துல மறந்திருப்பா."

அந்த எழுத்துகளை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது ஜலஜாவுக்கு அப்போதுதான் தோன்றியது.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், டீச்சர்," என்றார்.

கடிதத்தை அவரால் எழுத முடியாதாகையால் ஜலஜாவே எழுதினாள். ஆறு வருடத்தில் வாசகம் மனப்பாடம். எழுதி முடித்துப் படித்துக் காட்டினாள். "குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளைத் தனித்தேர்வராகத் தேர்வெழுத வைக்க விரும்புகிறேன்."

அன்வர் பாஷா முகம் சுருங்கியது. "எங்க குடும்பத்துல இன்னா டீச்சர் சூல்நிலை? ஒண்ணும் இல்லியே. நல்லாத்தான் கீறோம்."

"அது ஒரு வழக்கம் பாய். எல்லாருமே அப்படித்தான் எழுதிக் கொடுப்பாங்க."

அவர் பேனாவை வாங்கி, வலமிருந்து இடமாக உருதுவில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். போகும்போது தூபாவின் தோளில் கை வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். ஜலஜாவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த பீரியட் ஒன்பதாம் வகுப்பு, மாடியில். படியேறுகிற வலியில் மனசின் வருத்தம் பின்னுக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை வீட்டில் போகிக்கு ஒழிக்கிற வேலை நடந்தது. ஜலஜாவின் கணவர் பத்ரிநாராயணன் அரை நாள் லீவு போட்டுப் பரண் முழுவதையும் கூடத்தில் இறக்கியிருந்தார். ஜலஜா ஐந்தரை மணிக்கு உள்ளே நுழைந்தபோது பழைய பேப்பர்க்காரர் பொன்னுரங்கம் வாசல் படியில் உட்கார்ந்து, செய்தித்தாள்களை உதறி உதறித் தராசுக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் வேறு காகிதம் இருந்தால் எடுத்துக் கொடுத்துவிடுகிற நேர்மையான ஆள்.

"யம்மா, இது இன்னாம்மா? புள்ளைங்க பரிச்சை பேப்பராட்டம் கீது."

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் மடிப்பிலிருந்து அவர் நீட்டியது ஓர் இந்திய வரைபடம். நதிகள் நீலப் பென்சிலில், அணைகள் சின்னச் சின்னச் சிவப்புக் கோட்டில். கங்கை கடலில் கலக்கிற இடத்தில் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியிருந்தது. யாரும் கேட்காத வேலை. மூலையில் பத்து 'சி', நாற்பத்தொன்று. தூபாவின் எண். அதன் கீழே சிவப்பு மையில், ஜலஜாவின் கையெழுத்தில், பத்துக்கு எட்டு.

செருப்பைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வரைபடங்களை அடுக்கித் திருத்தியது நினைவுக்கு வந்தது. முடிந்ததும் பத்ரிநாராயணன் வந்து மேஜையைத் துடைப்பதற்காகப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போனார். இருபத்தொன்பதும் எட்டும் முப்பத்தேழு. பெண் பாஸ்.

"ஏன்னா, ஞாயித்துக்கிழமை பேப்பர மடிச்சேளே, உள்ள ஏதாவது இருக்கான்னு பாத்தேளா?"

"பேப்பருக்குள்ள என்ன இருக்கும்? நியூஸ்தான் இருக்கும்." அவர் அருகில் வந்து வரைபடத்தையும் அவள் முகத்தையும் பார்த்தார். "என்னடி ஆச்சு?"

சொன்னாள். அவர் காபி கலந்து கொண்டுவந்து வைத்தார். தப்பு என்னோடதுதான், நான்தானே மடிச்சேன் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. மடித்தது அவர்தான். 'வரைபடம் இல்லை' என்று எழுதியது அவர் இல்லை. நம் கையால் நடந்தது நமக்குத் தெரியாதா? அந்தக் கடிதமும் அவள் கைப்பட எழுதினதுதான். இல்லாத குடும்பச் சூழ்நிலையை ஒரு மனிதர் தலையில் கட்டி, அவருக்கே படித்தும் காட்டியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கே கிளம்பினாள். அலமாரியைத் திறந்து தூபாவின் விடைத்தாளை எடுத்துப் பார்த்தாள். நூல் கட்டிய ஓட்டை இடது மூலையில் கிழிந்து, அதில் ஒரு ட்வைன் பிசிறு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. புதன்கிழமை அந்தப் பக்கத்தைத்தான் அன்வர் பாஷாவிடம் காட்டினாள். படிக்கத் தெரிந்த அவள் கண்ணிலும் அன்று அது படவில்லை.

கஸ்தூரிரங்கன் வரைபடத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். ஜலஜா நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"உக்காருங்கோ, ஜலஜா. பட்டியல் டைப் ஆயாச்சு. இதோ கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. முப்பத்தேழு வாங்கின பொண்ணு மார்ச்சுல முப்பத்தஞ்சு வாங்குவாங்கறதுக்கு என்ன உத்தரவாதம்? அவளும் தனியா எழுதத்தான் போறா. பாஸானா பாஸ்."

"சார், அது..."

"கேளுங்கோ. பதிவேட்டுல மார்க்கத் திருத்தணும்னா உங்க கிட்ட எக்ஸ்பிளனேஷன் வாங்கி ஃபைல்ல வெச்சே ஆகணும். மே மாசம் நான் ரிடையர் ஆறேன். இந்த நாற்காலிக்குக் கமிட்டி உங்க பேரத்தான் யோசிச்சிண்டிருக்கா. அந்த நேரத்துல இந்தக் காகிதம் ஃபைல்ல இருக்கணுமா? இருபத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு தப்பு. நீங்க சொல்லலேன்னா எனக்கே தெரியாது."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜலஜாவுக்கு அந்த நாற்காலி வேண்டும். பெருமைக்காக இல்லை. தலைமை ஆசிரியருக்கு வாரத்துக்கு ஆறே பீரியட். மாடியேற வேண்டாம், விடைத்தாள் கட்டு சுமக்க வேண்டாம். இன்னும் ஏழு வருடம் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மூட்டு வலிக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் அந்த நாற்காலியைத்தான் நினைத்துக்கொள்வாள். சுவர்க் கடிகாரம் ஒன்பதரை காட்டியது. பேசாமல் எழுந்து வெளியே போனால் போதும், பத்து 'சி'-யில் வருகைப் பதிவு எடுக்கலாம். நாற்பத்தொன்று என்று கூப்பிட வேண்டிய இடத்தில் அடுத்த எண்ணுக்குத் தாண்ட வேண்டும். இன்றைக்குத் தாண்டலாம். மார்ச் வரை தினமும் தாண்ட வேண்டுமே.

"அந்த லெட்டரக் கொடுங்க சார்," என்றாள்.

"எந்த லெட்டர்?"

"அந்தப் பாய் கொடுத்தது. அவர் கொடுக்கலை சார், நான்தான் எழுதினேன். எங்களுக்குச் சூழ்நிலை ஒண்ணும் இல்லியேன்னு அவர் கேட்டார். நான் வழக்கம்னு சொன்னேன். எனக்கு அது தாங்கலை சார். எக்ஸ்பிளனேஷன் இப்பவே எழுதித் தரேன். எங்க வேணுமோ வெச்சுக்குங்க."

ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். 'என் கவனக்குறைவால்' என்று ஆரம்பித்தாள். கஸ்தூரிரங்கன் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்து அவள் பக்கம் தள்ளினார். டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டார். நாற்காலியைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. டைப்பிஸ்ட் முணுமுணுத்துக்கொண்டே பட்டியலின் கடைசிப் பக்கத்தை மறுபடி ரோலரில் ஏற்றி, தூபாவின் பெயரை அடித்தார். மணி பத்தே முக்கால்.

சாயங்காலம் மீர்சாகிப்பேட்டைக்கு நடந்தே போனாள். தொண்ணூற்றொன்றில் மக்கள் தொகைக் கணக்குக்குச் சுற்றின தெருக்கள்தான். கடை வாசலில் ஓர் அம்பாசிடர் கார், சீட்டெல்லாம் கழற்றிப் போட்டு வெறும் கூடாக நின்றது. அன்வர் பாஷா ஊசியை வாயில் கவ்வியபடியே எழுந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் மனைவி ஜைதூன் பீ திரையை விலக்கிப் பார்த்து, ஒரு மரப்பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னாள். பின்னாலிருந்து தூபா வந்தாள். வீட்டில் நீலத் தாவணி இல்லை. அதனால் ஜலஜா முதன்முதலாக அவள் முகத்தைத்தான் பார்த்தாள்.

"தப்பு என்னோடது, பாய். மேப் என் வீட்டுல மாட்டிக்கிச்சு. உங்க பொண்ணு பாஸ். பட்டியல்ல பேரு ஏறியாச்சு." கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இதக் கிழிச்சுப் போட்டுடுங்க."

அவர் ஊசியை எடுத்துவிட்டு, "சரி டீச்சர், சரி டீச்சர்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திட்டுவார் என்று ஜலஜா எதிர்பார்த்திருந்தாள். திட்டியிருக்கலாம்.

"ஏம்மா, மேப் கட்டினது உனக்குத் தெரியுமே. திங்கக்கிழமையே என் கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

தூபா அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வந்தேன் மிஸ். நீங்க நிமிர்ந்து பாப்பீங்கன்னு நின்னுட்டிருந்தேன். பெல் அடிச்சிடுச்சு."

ஜைதூன் பீ கொண்டுவந்த டீயைக் குடிக்காமல் வர முடியாது. குடித்தாள்.

சனிக்கிழமை பத்தாம் வகுப்புக்கு மட்டும் ஸ்பெஷல் கிளாஸ். தூபா வந்திருந்தாள், மூன்றாவது பெஞ்சில். ஜலஜா பாடம் நடத்தவில்லை. அலமாரியிலிருந்து அரையாண்டு விடைத்தாள் கட்டை எடுத்து எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தாள். தூபாவின் பேப்பரில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு முப்பத்தேழு என்று போட்டு, பக்கத்தில் தேதியோடு கையெழுத்திட்டாள். வகுப்பு மூச்சுவிடாமல் பார்த்தது. ஜலஜா டீச்சர் அடித்து எழுதி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் உங்க பேப்பர இன்னொரு தடவ பாருங்க. நான் எங்கயாவது மார்க் போடாம விட்டிருந்தா, கூட்டல்ல விட்டிருந்தா, எழுந்து வாங்க. சட்டம் கிடையாது."

ஒருவரும் அசையவில்லை. கேட்டது சரிதானா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் முதல் பெஞ்சில் மாளவிகா எழுந்தாள். ஜன்னல் ஓரத்தில் இன்னொருத்தி. பின்னால் இரண்டு பேர், மேலும் ஒருத்தி. பேப்பரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்து, பழக்கமில்லாதவர்களாய் மேஜை முன்னால் வரிசையில் நின்றார்கள். ஜலஜா எண்ணினாள். பதினொரு பேர்.

இருபத்திரண்டு வருடம், வருடத்துக்கு இரண்டு பிரிவு என்று மனசு தன்பாட்டுக்குப் பெருக்க ஆரம்பித்தது. பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதலில் நின்றவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொடும்மா," என்றாள்.